கீழிருந்து மூன்று விரல் விட்டு

எங்கள் அணியைத் தோற்கடித்த ஒரு பெண்ணை, அவள் பெண்தானா என்று சந்தேகப்படுவதாக எழுதிக் கொடுத்தவன் நான். எனக்கு அப்படி ஒரு சந்தேகம் இருக்கவே இல்லை. அதை என் பெயரிலும் எழுதவில்லை. அவளுடைய பெரியம்மா மகள்தான் எங்கள் அணியின் கேப்டன். அந்தக் கேப்டன் காலையில் வெற்றுத்தாளில் போட்டுக் கொடுத்திருந்த கையெழுத்துக்கு மேலே எழுதினேன். நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

எங்கள் கிளப்பின் பெண்கள் அணிக்கு முப்பதாவது ஆண்டு என்று மலர் போடுகிறார்கள். ‘மறக்க முடியாத வெற்றி’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் கேட்டார்கள். கூடவே போனில் ஒரு படம் வந்தது. கோப்பையோடு பதினாறு பெண்கள், ஓரத்தில் நான். இடமிருந்து வலமாகப் பெயர் எழுதித் தர வேண்டுமாம். கோப்பை கோல்கீப்பர் கையில் இருக்கிறது. மலர்க் குழுவில் இருக்கும் பெண் கூப்பிட்டு, “கேப்டன் யாரு சார்? கப்பைப் பிடிக்காம எங்க நிக்கிறாங்க?” என்று கேட்டாள். பின் வரிசையில், முகம் பாதி மறைந்து நிற்பவள்தான் கேப்டன் என்று சொன்னேன். “ஏன் சார் அங்க போய் நிக்கிறாங்க?” என்றாள். எழுதித் தருகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். இது இரண்டு பக்கத்தில் அடங்காது. மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மந்தைவெளியில் பிறந்தேன். அப்பா மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியர். கல்லூரியில் இருந்தபோது இந்திய ஜூனியர் கால்பந்து அணிக்குத் தேர்வானேன். இரண்டு வெளிநாட்டுப் பயணம், நான்கு ஆட்டம், ஒரு கோல். அந்த ஒரு கோலை வைத்துத்தான் தி.நகரில் வங்கி வேலை கிடைத்தது. இருபத்தாறு வயதில் முழங்கால் போயிற்று. பயிற்சியாளர் டிப்ளமோ முடித்து, காலையும் மாலையும் மைதானம், நடுவில் வங்கி என்று முப்பது வருடம் ஓடியது. மேடையில் என்னை அறிமுகப்படுத்தும் எவரும் ‘முன்னாள் இந்திய வீரர்’ என்பார்கள். ‘ஜூனியர்’ என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். நானும் திருத்தியதில்லை.

பெண்கள் அணி தொடங்கியபோது அதை யாரும் எடுத்துக்கொள்ள முன்வராததால் என்னிடம் வந்தது. பெசன்ட் நகர்க் கடற்கரையில், ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய மணலில் காலைப் பயிற்சி. முதல் வாரமே குப்பத்திலிருந்து இரண்டு சிறுமிகள் வந்து நின்றார்கள். அஞ்சலை, நாகவல்லி. அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். அடுத்தடுத்த தெருவில் வீடு. அஞ்சலை இரண்டு வயது பெரியவள், தடுப்பாட்டக்காரி. வாய்க்குப் பயந்தே எதிரணி ஒதுங்கும். நாகு முன்வரிசை. பந்து அவள் நெஞ்சில் பட்டு நழுவிக் காலடியில் விழுவதைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் கடைசி வரை இப்படி ஒருத்தியை இன்னொரு முறை பார்க்கப் போவதில்லை என்று.

நாகுவுக்குப் பதின்மூன்று வயதில் இரண்டு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. “இன்னா சார் கோவம்? அவ குந்திக்கினு கீறா. ஞாயித்துக்கெழம மஞ்சத்தண்ணி, நீங்க கண்டிப்பா வரணும்னு சித்தி சொல்லிச்சு,” என்றாள் அஞ்சலை. போனேன். தெருவை அடைத்துப் பந்தல். மாலையும் ஜரிகைப் புடவையுமாக, உட்கார முடியாமல் நெளிந்துகொண்டு மேடையில் இருந்தாள் நாகு. என்னைப் பார்த்ததும், “சார், ஒரு வாரம்! அதுக்கு மேல என்னால முடியாது சார்!” என்று மேடையிலிருந்தே கத்தினாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கிப் போயிருந்தேன். அவள் அம்மா என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, தாம்பூலம் கொடுத்து அனுப்பினார்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஒரே காரணம்தான். நான் பின்னால் எழுதியது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கிளப் செக்ரட்டரி, நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதில்லை, செக்ரட்டரி சார்தான். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் மைப்பேனா, கக்கத்தில் ஒரு ரெக்ஸின் பை. ஆட்டத்தைப் பார்க்க மாட்டார். மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். குரலை உயர்த்தியதே இல்லை. கடைசி விசில் கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “ரெஃப்ரிக்குத்தாம்பா ஆட்டம் முடிஞ்சுது. நமக்கு இன்னும் அரை மணி இருக்கு,” என்பார்.

அந்த அரை மணி, புகார் கொடுப்பதற்கான நேரம். தோற்ற அணி ஆட்டத்தைப் பற்றிப் புகார் கொடுக்க வேண்டுமானால், விசில் ஊதிய அரை மணிக்குள், எழுத்தில், கேப்டன் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும் என்பது அன்றைய லீக் விதி. கோச் கையெழுத்து கேட்கமாட்டார்கள். சிக்கல் என்னவென்றால் தோற்ற அணியின் கேப்டனை அந்த அரை மணியில் பிடிக்க முடியாது. அழுதுகொண்டிருப்பாள், அல்லது பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள். ஒருமுறை ஐந்து நிமிடத்தில் ஒரு நல்ல புகார் தவறிப்போனது. அதற்குப் பிறகு செக்ரட்டரி சார் ஒரு வழக்கம் கொண்டு வந்தார். ஆட்டத்தன்று காலையில் ஆட்டக்காரர் பட்டியலில் கேப்டன் கையெழுத்துப் போடும்போதே, இரண்டு ஃபுல்ஸ்கேப் வெற்றுத்தாளிலும் வாங்கிவிடுவது. “கீழேருந்து மூணு விரல் விட்டுப் போடும்மா,” என்று தன் விரலைத் தாளில் வைத்துக் காட்டுவார். ஒன்று அவர் பையில் போகும், ஒன்று என் சட்டைப் பையில்.

அந்தத் தாளில் எழுதுவது ஒரு தனி வேலை. வரிகள் கையெழுத்துக்குச் சரியாக ஒரு விரல் மேலே முடிய வேண்டும். முன்கூட்டியே முடிந்துவிட்டால் இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை வரி வரும் என்று மனதில் போட்டுப் பார்த்து எழுத்தைப் பெரிதாக்கவும் நெருக்கவும் நான் பழகியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அஞ்சலை கேப்டனான முதல் நாள், கிளப் அறையில் பேனாவை வாங்கிக்கொண்டு, “இன்னாத்துக்கு சார் வெத்து பேப்பரு? எங்க வூட்ட எழுதி வாங்கப் போறீங்களா? அது அடமானத்துல கீது, மின்னாடியே சொல்டறேன்,” என்றாள்.

செக்ரட்டரி சாரே சிரித்துவிட்டார். “ஃபார்மாலிட்டிம்மா. போடு. வெளியில சொல்லிண்டிருக்காதே,” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். போட்டாள்.

நாகுவுக்குப் பதினெட்டு வயதானபோது வேறு கிளப்புக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். தி.நகர்ப் பக்கத்து அணி அது. சத்தான சாப்பாடு கொடுக்கிறார்கள், பஸ் பாஸ் எடுத்துத் தருகிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்த அணியிலிருந்து அரசுத் துறை ஒன்றின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வுக்கு ஆளெடுக்கிறார்கள். “வேல கெடச்சா அம்மா மீன் கூடை தூக்க வேணாம் சார்,” என்றாள். நேராகச் சொன்னாள், ஒளிக்கவில்லை. விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, நன்றாக இரு என்று சொன்னேன். வாய் சொன்னது அது. போகட்டும், என்னை விட்டுப் போய் எப்படி ஆடுகிறாள் பார்க்கலாம் என்றுதான் மனம் சொன்னது. ஒரு வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்த வருடம் மாவட்ட லீக் இறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக ஒன்பதாம் எண் சட்டையில் வந்தாள். தலைமுடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருந்தாள். மைதானத்தில் கத்திக் கத்திக் குரலும் கரகரத்துப் போயிருந்தது. அவளை அறியாத நாலு பேர் கேலரியில், “டேய் நைனா, அது பொண்ணாடா? மச்சி, லுங்கி குட்றா அதுக்கு!” என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை அவர்கள் பக்கம் திரும்பி, இங்கே எழுத முடியாத ஒன்றைச் சொன்னாள். அதோடு அடங்கினார்கள். எதிரணி ஆட்டக்காரிக்காக எங்கள் கேப்டன் சண்டை போட்டாள். அதையும் நான் பார்த்தேன்.

முதல் பாதியில் ஒரு கோல் போட்டாள் நாகு. நாங்கள் சமன் செய்தோம். முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது உயரத்தில் வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, தரையில் விழ விடாமல் இடது காலால் கோல்கீப்பர் தலைக்கு மேல் போட்டாள். அஞ்சலை எட்டிப் பாய்ந்தும் கிடைக்கவில்லை. கடைசி விசில் ஊதினார்கள். நாகு தன் அணியிடம் போகவில்லை. எங்கள் பெஞ்சுக்கு ஓடி வந்தாள்.

“சார்! எடது காலு, பாத்தீங்களா சார்? நீங்க மணல்ல குடுத்த பிராக்டீஸ் சார்!”

“பார்த்தேன்மா,” என்றேன்.

கேலரிக்குக் கீழே, கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் செக்ரட்டரி சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏதாவது இருக்கா?” என்றார். பதிவுச் சீட்டுகளைப் பார்த்தோம். மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையைப் பார்த்தோம். எதுவும் இல்லை. சுத்தமாக ஜெயித்திருந்தார்கள். இருபது நிமிடம் போயிருந்தது. அப்போது நான் சொன்னேன்: “நாகுவைப் பற்றி ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க.”

அவருக்குப் புரிய சற்று நேரமானது. புரிந்ததும் விதிப்புத்தகத்தை மூடினார். “அது வேண்டாம்ப்பா. அந்தக் குழந்தையை உனக்குத் தெரியுமே,” என்றார்.

இதை நான் மறைக்கக் கூடாது. இத்தனை காலம் யாரிடமாவது அரைகுறையாகச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் செக்ரட்டரி சார் சொல்லித்தான் செய்தேன் என்பது போலவே சொல்லியிருக்கிறேன். இறந்துபோன மனிதர், மறுக்க வரமாட்டார். அவர் வேண்டாம் என்றார். நான்தான், “முடிவை நிறுத்திவைப்பாங்க சார். அவ டாக்டர் சர்டிபிகேட் கொடுத்துட்டா பத்து நாள்ல தானா சரியாயிடும்,” என்றேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார். “எழுதறது நீ,” என்றார்.

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தேன். ஏழு வரி வந்தது. ‘எதிரணியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் பெண்தானா என்பதில் எங்கள் அணியினருக்கு நியாயமான சந்தேகம் உள்ளது’ என்பது மூன்றாவது வரியில் தொடங்கியது. ‘நியாயமான’ என்ற சொல்லை வரி நிரம்புவதற்காகச் சேர்த்தேன். ஏழாவது வரி, கு. அஞ்சலை என்ற கையெழுத்துக்குச் சரியாக ஒரு விரல் மேலே முடிந்தது.

முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து லீக் அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். ‘அணித் தலைவி கு. அஞ்சலை எழுத்துமூலம் அளித்த புகாரின் பேரில்’ ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் பத்து நாளுக்குள் மருத்துவச் சான்றிதழ் தர வேண்டும் என்று அதில் இருந்தது. அன்று மதியமே செய்தி குப்பத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை பயிற்சிக்கு நாகு வந்தாள், ஆட அல்ல. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீங்க தடுத்திருக்கலாம்ல சார்?” என்றாள்.

“கேப்டன் கொடுத்துட்டா கோச் என்னம்மா பண்ண முடியும்?” என்றேன்.

அவள் அதை நம்பினாள். தலையாட்டிவிட்டுப் போனாள். நான் அதைவிட எளிதாக ஒரு பொய்யைச் சொன்னதில்லை.

அவள் போன பிறகு அஞ்சலை வந்தாள். கன்னம் சிவந்து வீங்கியிருந்தது. வீட்டில் அடித்தார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் விட்டேன்.

“சார், நான் வெத்து பேப்பர்லதான போட்டேன்?”

“ஆமாம்.”

“அத்த வந்து எல்லார் கையிலயும் சொல்லுங்க சார்.”

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியது தெரிந்தால் அணியையே தடை செய்துவிடுவார்கள், பதினாறு பேர் ஆட்டமும் போய்விடும் என்றேன். நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நீயும் வாயைத் திறக்காதே என்றேன்.  பயிற்சிக்காக நான் கொடுத்து அவள் கழுத்தில் மாட்டியிருந்த விசிலைக் கழற்றி மணலில் போட்டுவிட்டுப் போனாள்.

நாகு அம்மாவோடு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். எந்தப் பிரிவுக்குப் போவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் எதற்காக வந்திருக்கிறாள் என்று வரிசைக்கு நடுவில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது இடத்தில் ஒரு ஊழியர் லீக் கடிதத்தை உரக்கப் படித்தார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வந்தவள் மறுபடி போகவில்லை. பத்து நாள் முடிந்தது. கோப்பை எங்களுக்கு வந்தது. துறைத் தேர்வுப் பட்டியலில் நாகுவின் பெயர் வரவில்லை. பரிசளிப்புக்கு அஞ்சலையை நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அன்று எடுத்ததுதான் மலருக்கு வந்த படம். அதற்குப் பிறகு நாகுவைப் போலவே அஞ்சலையும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் செக்ரட்டரி சார் வெற்றுத்தாளை எடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கூடப் பிறந்த அக்கா தங்கையான அவர்கள் அம்மாக்கள் ஒரே இடத்தில் மீன் கூடை இறக்கமாட்டார்கள். நாகுவுக்குக் கல்யாணம் ஆனது; எனக்குப் பத்திரிகை வந்தது, போனேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அஞ்சலை வீட்டார் ஒருவரும் இல்லை. சில வருடம் கழித்து அஞ்சலையின் அப்பா இறந்தார், மாலையோடு போனேன். நாகு வீட்டார் ஒருவரும் இல்லை. இரண்டு இடத்துக்கும் போய்வந்தது நான் ஒருவன்தான். அதைப் பெருந்தன்மை என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள்.

மலர்க்காரப் பெண் படத்தை அனுப்பிய வாரம் எனக்குத் தூக்கம் போயிற்று. அதுவரை நன்றாகவே தூங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நடந்ததை முழுவதும் எழுதி, கையெழுத்திட்டு, மாவட்டச் சங்க அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். முதலில் அந்தப் பெண்களிடம்தான் போயிருக்க வேண்டும். மனிதர்களைவிடக் காகிதத்திடம் போவது எனக்கு எளிதாக இருந்தது. இப்போதைய நிர்வாகி இளைஞர், மரியாதை தெரிந்தவர். படித்துவிட்டுத் தர்மசங்கடத்தோடு சிரித்தார். “சார், அந்தக் காலத்து ஃபைலெல்லாம் வெள்ளத்துல போயிடுச்சு. இல்லாத ரெக்கார்டை எப்படி சார் திருத்தறது? உங்களுக்கு ஏன் சார் இந்த வயசுல இது?” கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக நகலில் முத்திரை மட்டும் குத்திக் கொடுத்தார்.

நகலோடு கொட்டிவாக்கம் போனேன். நாகு இப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஆட்டோ ஓட்டுகிறாள். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் வீட்டில் இருப்பாள்.

“வாங்க சார்! இன்னா சார் வெயில்ல? ஒரு போன் அடிச்சா நானே வந்து இட்டுகினு வந்திருப்பேன்ல?” நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை நீட்டினேன்.

வாய்விட்டு மெதுவாகப் படித்தாள். பாதியில் சத்தம் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. முடித்ததும், “நீங்க எழுதுனதா?” என்றாள்.

“ஆமாம்.”

“இந்த லெட்டரக் கேக்கல. அத்த.”

“அதையும் நான்தான்.”

கடிதத்தை மடித்தாள். பிறகு, “அவ அன்னிக்கே சொன்னா சார்,” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“போர்டுல பேரு வந்திச்சே, அன்னிக்கே ஓடியாந்தா. ‘நாகு, நான் வெத்து பேப்பர்லதான்டி போட்டேன், எழுதுனது சாரு’ன்னா. வெத்து பேப்பர்ல எவளாச்சும் கையெழுத்து போடுவாளான்னு கேட்டேன். மாட்டிக்கினதும் சார் மேல போடுறியா, எனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனப்போ முன்னாடி வந்து குந்தின மனுசன்டி அவருன்னு சொல்லி அறைஞ்சேன் சார். செவுள் திரும்பிடிச்சு.”

நான் பார்த்த வீங்கிய கன்னம் அதுதான். என்னிடம் வருவதற்கு முன்பே அஞ்சலை உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நான் வாயைத் திறக்காதே என்றபோது, அவள் ஏற்கெனவே திறந்து, அதற்கு அடியும் வாங்கியிருந்தாள். அவள் சொல்லை வெட்டியது என் நல்ல பெயர்.

“அப்பால உங்க கைலயும் வந்து கேட்டேனே,” என்றாள் நாகு. “கேப்டன் குடுத்தா கோச் இன்னா பண்றதுன்னீங்க.”

“சொன்னேன்.”

“எனுக்கு ரெண்டு பசங்க சார். இட்டுகினு போயி அந்த ஆபீஸ்ல காட்டினா இப்ப சர்டிபிகேட் குடுப்பாங்களா?”

 நாகு எழுந்து ஆட்டோ சாவியை எடுத்தாள். “ஏறுங்க,” என்றாள். ‘சார்’ சேர்க்கவில்லை.

நேராகப் பெசன்ட் நகருக்கு ஓட்டினாள். அஞ்சலைக்குக் கடற்கரையில் மீன் வறுவல் கடை இருக்கிறது. மாலைக்கான மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கிய நாகுவைப் பார்த்தாள். பின்னால் வந்த என்னையும் பார்த்தாள். கை நிற்கவில்லை.

“இன்னாடி, வழி தெரிஞ்சிச்சா?” என்றாள்.

“இவருதான் எழுதினாராம்டி. இப்ப வந்து சொல்றாரு.”

“நான் சொன்னப்போ?”

அஞ்சலை மீனைப் புரட்டி மறுபக்கமும் மசாலா தடவினாள்.

“நான் சொன்னப்போ பொய்யி. இவரு சொன்னா நெசம். இத்தினி வருசம் கழிச்சும் சாரு வாய்லேர்ந்து வந்தாதான் உனுக்கு ஏறுது. அப்ப நான் யாருடி?”

நாகு கடையின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அஞ்சலை மசாலாக் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“எங்கப்பா செத்தப்போ மாலையோட வந்தீங்க. இவ வூட்லேர்ந்து ஒரு ஆளு வரல. அதுவும் உங்களுக்குத் தெரியும். அப்பவாச்சும் அடுத்த தெருவுல போயி ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நாலு வூடு தள்ளிதான சார்?”

“பயமாக இருந்ததும்மா.”

“இன்னா பயம்?”

“மரியாதை போயிடும்னு.”

“இப்ப போச்சா?”

“போயிடுச்சு.”

“சரி, கெளம்புங்க. இனிமே இது எங்க ரெண்டு பேரு சண்ட. நீங்க நடுவுல நிக்காதீங்க.”

கிளம்பினேன். திரும்பிப் பார்த்தபோது நாகு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அஞ்சலை அடுத்த மீனை எடுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேரிடமிருந்தும் எனக்கு எந்தச் செய்தியும் இல்லை. போன மாதம் அடையாறு சிக்னலில், பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். நாகுவின் ஆட்டோ வந்து சிவப்பு விளக்குக்கு நின்றது. முன்பெல்லாம் எங்கே என்னைப் பார்த்தாலும் தெருவே திரும்பும்படி “சார்! ஏறுங்க சார்!” என்று கத்துவாள். அன்று என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட இல்லை. யாரோ ஒரு கிழவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பின்சீட்டில், கால் பக்கத்தில் மீன் நிறைந்த அன்னக்கூடையோடு, அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. விளக்கு மாறியதும் அஞ்சலை கூடையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோ பெசன்ட் நகர்ப் பக்கம் திரும்பிப் போயிற்று.